ஏஷியன் கட்டத்துக்குள் யார் யார்?

ஒவ்வொரு மே மாதமும் அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் ஒரே புலம்பலைப் புலம்புகிறார்கள்: இந்தியர்களை இங்கே யாரும் ஏஷியன் கணக்கில் சேர்ப்பதே இல்லையாம். மே என்பது ஆசிய அமெரிக்கர்களின் பாரம்பரிய மாதம். அலுவலகத்தில் சுவரொட்டி ஒட்டுவார்கள். அதில் விசிறி இருக்கும், செர்ரிப் பூ இருக்கும், டிராகன் நிச்சயம் இருக்கும். யாராவது நினைவூட்டினால் ஓரத்தில் ஒரு தாமரையைச் செருகுவார்கள்.

புலம்பல் பொய்யில்லை. ஜெனிஃபர் லீ, கார்த்திக் ராமகிருஷ்ணன் என்ற இரு ஆய்வாளர்கள் கருத்துக்கணிப்பு வைத்தே இதைக் காட்டியிருக்கிறார்கள். சீனர், ஜப்பானியர் என்றால் யோசிக்காமல் தலையாட்டுகிறவர்கள் இந்தியர், பாகிஸ்தானியர் என்றதும் தயங்குகிறார்கள். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் மட்டுமல்ல, ஆசிய அமெரிக்கர்களிலேயே பலர் அப்படித்தான்.

ஆனால் "இவங்களுக்கு மேப் பார்க்கத் தெரியாது" என்று நம்மவர்கள் முடித்துவிடுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. இதில் மேப்புக்கு வேலையே இல்லை. பிரிட்டனுக்குப் போனால் கதை தலைகீழ். அங்கே சாதாரணப் பேச்சில் ஏஷியன் என்றால் இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர். இங்கிலாந்தின் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏஷியன் தலைப்பின் கீழ் சீனர்களுக்கு இடமே இல்லை. 2011இல்தான் உள்ளே வந்தார்கள். 1972இல் இடி அமீன் ஆசியர்களை உகாண்டாவை விட்டுத் துரத்தினாரே, 90 நாள் கெடுவில் மூட்டை கட்டியவர்கள் நம் துணைக்கண்டத்து ஆட்கள். நிறவெறிக் காலத் தென்னாப்பிரிக்காவில் ஜப்பானியர் 'கௌரவ வெள்ளையர்'. 1860இல் மெட்ராஸிலிருந்து நேட்டாலுக்குக் கப்பலேறிய கூலித் தமிழர்களின் வாரிசுகள் ஆசியர். எந்த ஊருக்கு எந்தக் கூட்டம் முதலில் போய் இறங்கியதோ, அந்த ஊருக்கு அதுதான் ஆசியா.

அமெரிக்கக் கூத்து இதைவிடப் பெரியது. 1920 முதல் 1940 வரை கணக்கெடுப்பில் நம் இனத்தின் பெயர் 'ஹிந்து'. சீக்கியரா, முஸ்லிமா என்ற கேள்வியே கிடையாது. 1970இல் ஃபேர்னஸ் கிரீம் பூசாமலேயே நம்மை வெள்ளையர் ஆக்கினார்கள். 1980இல்தான் 'ஏஷியன் இந்தியன்' என்ற கட்டம் வந்தது.

நடுவில் நாம் வாய் திறக்காத ஓர் அத்தியாயம் உண்டு. பகத் சிங் திந்த், பஞ்சாபி, முதல் உலகப்போரின்போது அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். அன்றைய சட்டப்படி குடியேறியவருக்குக் குடியுரிமை வேண்டுமென்றால் அவர் வெள்ளையராகவோ ஆப்பிரிக்க வம்சாவளியினராகவோ இருக்க வேண்டும். 1922இல் தகாவோ ஒசாவா என்ற ஜப்பானியரின் வழக்கில், வெள்ளையர் என்றால் காக்கேசிய இனம், நீங்கள் அது இல்லை என்று உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. அன்றைய இன ஆய்வாளர்கள் ஐரோப்பியரோடு வட இந்தியரையும் காக்கேசிய இனத்தில்தான் சேர்த்திருந்தார்கள். அப்படியானால் நாங்கள் காக்கேசியர்தானே என்று திந்த் தரப்பு நின்றது. வாதத்தைக் கேளுங்கள்: இவர் உயர்சாதி ஹிந்து, ஆரிய ரத்தம். (ஆள் தலைப்பாகை கட்டிய சீக்கியர் என்பது தனிக்கதை.) அதோடு விட்டார்களா? கல்யாணம் என்று வந்தால் அமெரிக்கர் கறுப்பரை எப்படிப் பார்ப்பாரோ, அப்படித்தான் உயர்சாதி ஹிந்து இந்தியாவின் பூர்வகுடிகளைப் பார்க்கிறார் என்றும் வக்கீல்கள் எழுதிக் கொடுத்தார்கள். சாதி பார்ப்பதையே வெள்ளையர் என்பதற்கு அத்தாட்சியாக நீட்டிய மனு!

1923 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. ஒசாவா தீர்ப்பை எழுதிய அதே நீதிபதி சதர்லேண்ட்தான் இதையும் எழுதினார். காக்கேசியராகவே இருந்துவிட்டுப் போங்கள், சாமானிய அமெரிக்கர் கண்ணுக்கு நீங்கள் வெள்ளையர் இல்லை என்பது சாரம். மூன்றே மாதத்தில் அளவுகோல் மாறிவிட்டது. ஏற்கெனவே கொடுத்த குடியுரிமைகளையும் பிடுங்கத் தொடங்கினார்கள். அப்படி இழந்தவர்களில் ஒருவர், சான் பிரான்சிஸ்கோவில் கடை நடத்திய வைஷ்ணோ தாஸ் பகாய். 1928இல் உயிரை மாய்த்துக்கொண்டார்.

பாவம்தான், அநியாயம்தான். ஆனாலும் அந்த மனு எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. ஆரிய ரத்தம்தான் டிக்கெட் என்றால், திந்த் ஜெயித்திருந்தாலும் நம் முனுசாமியும் ராக்காயியும் வாசலிலேயே நின்றிருப்பார்கள்.

இதற்கு நேர் எதிரான ஒரு காட்சியும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் அரசு ஆசியர்கள் கைரேகை வைத்துப் பதிய வேண்டும் என்று சட்டம் போட்டது. மறுத்தவர்கள் சிறைக்குப் போனார்கள். 1908 ஜனவரியில் ஜோகன்னஸ்பர்க் சிறையிலிருந்து அந்த அரசின் அமைச்சர் ஸ்மட்ஸுக்குப் போன சமரசக் கடிதத்தில் மூன்று கையெழுத்து: காந்தி, அவருடைய சக போராளி தம்பி நாயுடு, சீனர்களின் தலைவர் லியுங் க்வின். அவமானப்படுத்த வைத்த 'ஆசியர்' என்ற பெயரையே மூவரும் ஒன்றாக நிற்கப் பயன்படுத்திக்கொண்டார்கள். 1968இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் மாணவர்களான யூஜி இச்சியோக்காவும் எம்மா ஜீயும் 'ஏஷியன் அமெரிக்கன்' என்று அமைப்புக்குப் பெயர் வைத்ததும் இப்படித்தான், போராட ஆள் சேர்க்க. அந்தக் கணக்கில்தான் நானும் படிவத்தில் ஏஷியன் கட்டத்தில் டிக் அடிக்கிறேன். முகஜாடை பொருந்துகிறதா என்று யார் பார்த்தால் எனக்கென்ன?

எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்பவர்கள் அடுத்தவரைச் சேர்க்கிறார்களா என்பதுதான் என் சந்தேகம். ஈரானும் லெபனானும் ஆசியாவில்தான் இருக்கின்றன. அந்த நாட்டு வம்சாவளியினர் 2024 வரை அமெரிக்க அரசின் வகைப்பாட்டில் வெள்ளையர். அந்த ஆண்டுதான் மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்கா என்று அவர்களுக்குத் தனிப்பிரிவு அறிவித்தார்கள். அவர்களும் ஏஷியன்தானே என்று, இந்த விஷயத்தில் மிகச் சத்தமாகப் பேசும் நண்பர் ஒருவரிடம் கேட்டேன்.

"அவங்க மிடில் ஈஸ்ட் சார், அது வேற."

எப்படி வேற என்றேன். முகம் வேற, சாப்பாடு வேற, மதம் வேற என்று அடுக்கினார். சரி, கஜகஸ்தான்?

"அது ரஷ்யா இல்லையா?"