சக்கரம் இருக்குதல்லங்க, நகர்த்துங்க!

தோட்டத்து மோட்டார் ரூமுக்குள்ள தண்ணி ஏறிருச்சுன்னா கொங்கு நாட்டுல பத்து வயசுப் பையனுக்குக் கூட என்ன செய்யணும்னு தெரியும். முதல்ல மெயினை இறக்கோணும். மோட்டாரைக் கழட்டிப் பட்டறைக்குக் கொண்டு போகோணும். தண்ணி வத்திருச்சேன்னு அப்படியே சுவிட்சைப் போட்டா காயில் புகைஞ்சு போகும். பம்புசெட்டுக்குப் பேர் வாங்கின கோயமுத்தூர்ல இதை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனா ரயில்வேக்காரங்க கோடிக்கணக்குல கொட்டி வாங்கின ரயிலைப் பள்ளத்து யார்டுல நிறுத்தி நனைய விட்டுட்டு, "எதிர்பாராத மழை"ன்னு அறிக்கை விடறாங்க பாருங்க, அங்கதான் வயிறு எரியுது.

எதிர்பாராததாம்! 2012 அக்டோபர் 29, அமெரிக்காவுல சாண்டி புயல். நியூஜெர்சி டிரான்சிட்ங்கற அந்த மாநில ரயில் நிறுவனம் தன்னோட ரயில்களை கியர்னியிலயும் ஹோபோக்கன்லயும் நிறுத்தி வெச்சிருந்துச்சு. கியர்னி யார்டு ரெண்டு ஆத்துக்கு நடுவுல, சதுப்பு நிலத்துல இருக்குது. பெட்டியும் எஞ்சினுமா 300-க்கு மேல தண்ணியில நின்னுச்சு. ஹட்சன் ஆத்துக்கு அக்கட்ட நியூயார்க்காரங்க முந்தின நாள் பொழுதோடயே ஓட்டத்தை நிறுத்திட்டு வண்டிகளை மேட்டுக்கு ஏத்தினாங்க. அவங்க பெட்டிகள்ல நனைஞ்சது சொற்பம். அதே புயல், அதே எச்சரிக்கை.

ஜப்பான்காரன் இதுலயெல்லாம் கெட்டிக்காரன்னு நினைச்சா அதுவும் இல்லை. 2019 அக்டோபர்ல ஹகிபிஸ் புயல். சிகுமா ஆத்தங்கரை உடைஞ்சு நாகானோ பணிமனையில புல்லட் ரயில் 10 ரேக் (ரேக்குன்னா ஒண்ணாக் கோத்த முழு வண்டி), மொத்தம் 120 பெட்டி நனைஞ்சுச்சு. கழுவித் துடைச்சு ஓட்டலை, 120-ஐயும் கழிச்சுக் கட்டிட்டாங்க. அந்த இடம் மூழ்கும்னு நகராட்சி வெள்ள வரைபடத்துலயே இருந்துச்சு. வரைபடம் போட்டா மட்டும் பத்தாது, வண்டியை எடுக்க ஆள் வேணும்.

மேல பார்த்தா சீட்டுகூட நனையலையே, அப்புறம் ஏன் கழிச்சாங்கன்னு கேக்கலாம். மெமுங்கற மின்சாரப் பாசஞ்சர் மாதிரி வண்டியில விலை போற சாமான் பெரும்பாலும் பெட்டித் தரைக்கு அடியிலதாங்க தொங்குது. இழுவை மோட்டார் அச்சு உசரத்துல இருக்குது. கம்ப்ரசர், 110 வோல்ட் பேட்டரிப் பெட்டி, பிரேக் வால்வு எல்லாம் அதே மட்டம். மோட்டார் காயில்ல ஈரம் இறங்குனா, மெகர்ங்கற இன்சுலேஷன் மீட்டரை வெச்சுப் பார்த்தா ஒரு மெகா ஓம்கூட காட்டாது. கழட்டி, நல்ல தண்ணியில கழுவி, அடுப்புல 100 டிகிரிக்கு மேல காய வெச்சு, வார்னிஷ் முக்கி எடுத்து, மறுபடி மெகர் பார்க்கோணும். ஒரு வண்டிக்கு இப்படி எத்தனை மோட்டார்னு எண்ணிக்கோங்க. இதைவிடப் பொல்லாதது பேரிங். கிரீஸுக்குள்ள தண்ணி போனா மோர் மாதிரி வெளுத்துப் போயிரும். அன்னைக்கு ஒண்ணும் தெரியாது. சில வாரம் ஓடின பிறகு அச்சு சூடேறி வழியில நிக்கும். எலக்ட்ரானிக் கார்டுல உப்புத் தண்ணி பட்டா, காஞ்ச பிறகும் படிஞ்ச உப்பு ஈரத்தை இழுத்து இழுத்து ஷார்ட் பண்ணும். மேல் கம்பியில கரண்டு எடுக்கற பேண்டோவை இறக்கிட்டாப் போதும்னு சில பேர் நினைக்கறாங்க. பேட்டரி உயிரோட இருந்தா தண்ணிக்குள்ள ஒவ்வொரு டெர்மினலா அரிச்சுத் தின்னுரும். பேட்டரியைத் துண்டிக்கற ஐசொலேட்டர் சுவிட்சை இறக்கறது ஒரு நிமிஷ வேலை, அதையும் மறந்தா என்ன சொல்றது?

இவங்களோட பெரிய தப்பு நேரக் கணக்குலதான். தண்ணி பெட்டியைத் தொடட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்னு உக்கார்ந்திருப்பாங்க. ஆனா வண்டி நனையறதுக்கு முன்னாடியே, வண்டியை லைன் மாத்தி விடற பாயிண்ட் மோட்டார் போயிரும், அது ஸ்லீப்பர் மட்டத்துல உக்கார்ந்திருக்குதல்ல! லைன்ல வண்டி நிக்குதான்னு தண்டவாளத்துல கரண்டு விட்டுக் கண்டுபிடிக்கற டிராக் சர்க்யூட்டுல தண்ணியும் சேறும் நின்னா லைன்ல வண்டி இருக்கற மாதிரியே காட்டும், சிக்னல் சிவப்புலயே நிக்கும். அப்புறம் ஒவ்வொரு பாயிண்டையும் கையில கிராங்க் போட்டுத் திருப்பி, கிளாம்ப் மாட்டி, பூட்டுப் போட்டு வெளிய எடுக்கோணும். முழங்கால் தண்ணியில, ராத்திரியில, ஒரு பாயிண்டுக்குப் பத்து நிமிஷமாச்சும் ஆகும். மேல் கம்பியில கரண்டை நிறுத்திட்டா டீசல் எஞ்சின் வேணும். அது எங்கயோ வேற ஊர்ல இருக்கும்.

கணக்கைப் போடுங்க. யார்டுல 10 ரேக், வெளிய போக ஒரே லைன். பிரேக் சோதனை, ஷண்டிங் சேர்த்து ரேக்குக்கு அரை மணி நேரம்னா 5 மணி நேரம். டிரைவரைக் கூப்பிட்டு வர வைக்க 2 மணி நேரம். அப்போ தண்ணி வர்றதுக்கு 7 மணி நேரத்துக்கு முன்னாலயே டிரைவரைக் கூப்பிட்டாகோணும், 5 மணி நேரத்துக்கு முன்னாலயே முதல் சக்கரம் உருளோணும். புயல் சின்னம் நாள்கணக்குல முன்னாடியே தெரியுது, 7 மணி நேரம் கிடைக்கலையாக்கும்?

எங்க கொண்டு போய் நிறுத்தறதுன்னு கேக்காதீங்க. ஸ்டேஷன்ல மெயின் லைனுக்குப் பக்கத்துல வண்டி ஒதுங்கற முழு நீள லூப் லைன் 686 மீட்டர். 8 பெட்டி மெமு 170 மீட்டர் சொச்சம். ஒரு லூப்புல மூணு நிக்கும். நிறுத்தினதும் கைப்பிரேக், மரக்கட்டை ஆப்பு, சங்கிலி, பூட்டு. இல்லைன்னா மேட்டுல நிறுத்தினது தானா உருண்டு பள்ளத்துக்கே வந்து சேரும்.

"நம்முளுது மேட்டுப் பூமி, நமக்கென்ன வெசனம்?"னு ஈரோட்டுலயும் திருப்பூர்லயும் சொல்லறவங்களுக்கு ஒரு வார்த்தை. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ சென்னை பேசின் பிரிட்ஜ் பக்கத்துப் பாலத்துல தண்ணி ஏறுச்சு, கோயமுத்தூர் வண்டிகளும் ரத்து. கோவை எக்ஸ்பிரஸ் காலையில சென்னையில கிளம்பி, அதே பெட்டிகளோட மதியம் இங்கிருந்து திரும்பற வண்டி. அங்க கிளம்பலைன்னா இங்க திரும்பற வண்டியே கிடையாது. மழை அங்க, திருப்பூர்ல வேலை முடிஞ்சு ஈரோடு போறவன் தவிக்கறது இங்க. புயல் வர்றதுக்கு முன்னாடியே ஒரு ரேக்கை ஜோலார்பேட்டைக்கு இக்கட்ட நிறுத்தி வெச்சா, ஜோலார்பேட்டை–கோவை மட்டுமாவது ஓட்டலாமல்ல? ரத்துன்னா முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்கே சொல்லிருங்க. விடியக்காலம் அஞ்சு மணிக்கு டிபன்பாக்ஸோட பிளாட்பாரத்துல வந்து நிக்கறவன்கிட்ட மைக்குல சொல்லாதீங்க. அவனோட சீசன் டிக்கெட்டுக்கு ஒரு பைசா திரும்பி வராது.

இதுல நம்ம கோயமுத்தூர் ரயில்வே சப்வே வேற. லங்கா கார்னர், கிக்கானி பள்ளிப் பக்கம்னு ஒரு மழைக்கே குளமாகுது. ஒரு ஏக்கர்ல 5 சென்டிமீட்டர் மழை பேஞ்சா 2 லட்சம் லிட்டர். நாலு பக்கச் சரிவும் சேர்ந்து அஞ்சு ஏக்கர் தண்ணி பள்ளத்துக்கு வந்தா 10 லட்சம். மணிக்கு 50,000 லிட்டர் இறைக்கற பம்பை வெச்சா 20 மணி நேரம் ஆகும். அந்தப் பம்போட ஸ்டார்ட்டர் பெட்டியையும் பள்ளத்துக்குள்ளயே மாட்டினா, தண்ணி வந்ததும் முதல்ல அணையறது அதுதான். ஃபுட் வால்வுல பிளாஸ்டிக் பை சுத்தினா மிச்சமும் காலி. பெட்டியை ரோட்டு மட்டத்துக்கு மேல மாட்டுங்க, சல்லடை போடுங்க, ஒரு டீசல் பம்பை அக்டோபர்லயே ஓட்டிப் பாருங்க. சுவத்துல அடிக்கணக்கா அளவுகோடு போட்டா பஸ் டிரைவருக்காவது ஆழம் தெரியும்.

பண்டம்பாடியைப் பட்டியிலிருந்து மேட்டுக்கு ஓட்ட எந்தக் குடியானவனும் மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்கறதில்லை. அடுத்த ஆரஞ்சு எச்சரிக்கை வர்றப்போ யாராவது கன்ட்ரோல் ரூமுக்குப் போய்ச் சுவத்தைப் பார்த்துச் சொல்லுங்க: எந்த ரேக், எந்த லூப்புக்கு, எத்தனை மணிக்கு, எந்த டிரைவர்னு ஒரு தாளாவது ஒட்டியிருக்குதான்னு.