ஜூன் மாதக் கணக்கு

ஜூனில் ஆறு புத்தகம் படிப்பதாகத் திட்டம். ஜனவரி புத்தகக் காட்சியில் வாங்கி அலமாரியில் தூங்குகிறவற்றில் ஆறைப் பொறுக்கி, அடுக்கி வைத்துப் படம் எடுத்து இங்கேயே போட்டிருந்தேன். நீங்களும் பெருந்தன்மையாக லைக் போட்டீர்கள். கணக்கு இதுதான்: அந்த ஆறில் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

மகளுக்குப் படக்கதை எடுக்க நூலகம் போன இடத்தில் பழந்தமிழ் ஏடுகளைத் தேடிப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரின் தன்வரலாறு ‘என் சரித்திரம்’ கையில் சிக்கியது. மாதம் முழுக்க அது ஒன்றுதான். 122 அத்தியாயம். 1940இல் ஆனந்த விகடனில் தொடராக எழுத ஆரம்பித்தபோது அவருக்கு வயது 85 நெருங்குகிறது. 1942இல் அவர் காலமானதும் கதை பாதியில் நிற்கிறது. தொடராக வந்தது என்பதால் அத்தியாயங்கள் சின்னச் சின்னதாக இருக்கின்றன. போகும்போது பஸ்ஸில் இரண்டு, வரும்போது உட்கார இடம் கிடைத்தால் ஒன்று.

எனக்கு முன்னால் அந்தப் பிரதியை எடுத்த யாரோ ஒருவர் பென்சிலால் அடிக்கோடு போட்டபடி வந்திருக்கிறார். மகனுக்குத் தமிழ் சொல்லித்தர ஆள் தேடி அப்பா அரியலூர், குன்னம் என்று குடிபெயர்கிற இடங்களில் ஒவ்வொரு ஊர்ப் பெயருக்கும் ஒரு கோடு. மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தபின் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் பாட்டும் கற்கப் போய், ஆசிரியருக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் விட்டுவிடுகிறாரே, அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு ஆச்சரியக்குறி. பாதிப் புத்தகம் நெருங்கும்போது கோடுகள் நின்றுவிட்டன. அதற்கப்புறம் எல்லாப் பக்கமும் சுத்தம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆதீனத்து உபசாரங்களும், வித்துவான்கள் ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்வதும் நீண்டுகொண்டே போகிற இடங்களில் நானும் விரலால் பக்கத்தைத் தள்ளியவன்தான்.

ஆனால் அவர் இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சாமிநாதையர், ஊருக்கு முன்சீபாக, அதாவது நீதிபதியாக, வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்கிறார். இவருக்கு வயது 25, மகாவித்துவானின் மாணவர் என்ற பெருமை வேறு. அந்தாதி, கலம்பகம், கோவை, பிள்ளைத்தமிழ், உலா என்று அடுக்குகிறார். முதலியார் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இதையெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்கிறார். இவர் சளைக்காமல் புராணங்களைச் சொல்கிறார், கம்பராமாயணத்தைச் சொல்கிறார். அப்போதும் முதலியாருக்குத் திருப்தியில்லை. கடைசியில் முதலியாரே கேட்கிறார்: சீவக சிந்தாமணி படித்ததுண்டா? மணிமேகலை? சிலப்பதிகாரம்? மூன்றும் இல்லை.

இதைப் படித்தது இரவு பதினொன்றரைக்கு. ஆறு புத்தகத்தை அடுக்கிப் படம் போட்டது ஞாபகத்துக்கு வந்து தனியாகவே கூச்சப்பட்டேன். போன வருடம் ‘இந்த ஆண்டு 52 புத்தகம்’ என்று ஒரு பதிவு போட்டேனே, அதில் பாதிக்கு மேல் என்ன கதை என்று இன்று கேட்டால் திருதிருவென்று முழிப்பேன். வாசிப்புக் கணக்கு வைக்காதீர்கள் என்றெல்லாம் யாருக்கும் சொல்ல வரவில்லை, எனக்கே அந்த நோய் போகாது. ஆனால் எண்ணிக்கைக்காக நான் தேர்ந்தெடுத்தது எல்லாம் நூற்றைம்பது பக்கப் புத்தகங்கள் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

அப்புறம் அந்தத் தோரணம். முதலியார் கொடுத்த சிந்தாமணிப் பிரதியை வைத்துக்கொண்டு சமண மதச் செய்திகள் விளங்காமல் சாமிநாதையர் திண்டாடும்போது, கும்பகோணத்திலேயே ஒரு ஜைனர் வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். வாசலில் மாவிலை கட்டி, கோலம் போட்டிருக்கிறது. ஏதோ விசேஷம் போலிருக்கிறது என்று விசாரித்தால், அன்றுதான் அந்த வீட்டில் சிந்தாமணி படித்து முடித்திருக்கிறார்கள்! மாதக்கணக்கில் பாடம் கேட்டு, முடித்த நாளில் தோரணம். தமிழ்நாட்டில் பெரிய புலவர்களுக்கே எட்டாமல் போன நூல், நாலு தெரு தள்ளி ஒரு வீட்டில் பண்டிகையாக நடந்துகொண்டிருந்திருக்கிறது. சாமிநாதையர் அதைப் பதிப்பித்து வெளியிட்டது 1887இல். முதலியார் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல ஏழு வருடம்.

கரிவலம்வந்தநல்லூர்க் கோயில் ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் போட்டுவிட்டார்கள் என்று அவர் கேட்டு நிற்கிற இடத்தைப் பற்றியும் எழுத நினைத்தேன். வேண்டாம், அதை நீங்களே படியுங்கள்.

சரி, ஜூலை. சிந்தாமணி மொத்தமாக 3145 பாட்டு, அதற்கெல்லாம் ஆசைப்படவில்லை. முதல் பகுதியான நாமகள் இலம்பகம் மட்டும், நச்சினார்க்கினியர் உரையோடு. நூலகத்தில் அது வீட்டுக்குக் கொடுக்காத பிரிவில் இருக்கிறதாம், ஆகவே ஞாயிறு காலைகளில் அங்கேயே போய் உட்கார வேண்டும். அம்மாவிடம் சொன்னேன். ‘ஞாயித்துக்கிழமை மீன் வாங்குறது யாரு?’ என்றார். அது தனிப் பஞ்சாயத்து. பஸ்ஸுக்கு, தன் ஆசிரியரைப் பற்றி உ.வே.சா. 1933, 34இல் இரண்டு பாகமாக எழுதிய ‘மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரம்’. கண்ணைக் கட்டுகிற இரவுகளுக்கு கி.ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ நாவல், மூன்றாவது முறையாக.

ஆசிரியர் சரித்திரத்தின் முதல் பாகம் கிடைத்துவிட்டது. இரண்டாம் பாகம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், அட்டை போட்டு ஆகஸ்ட் முதல் வாரம் திருப்பித் தருகிறேன். பென்சில் எடுக்க மாட்டேன்.