புழுக்கைக்கு முன்னால் அணிலைப் பாருங்கள்

அக்கர்மான்சியா என்ற பாக்டீரியா பட்டினியில் பெருகுகிறது, அது "நல்ல பாக்டீரியா", ஆகவே பட்டினி குடலுக்கு நல்லது என்று ஒரு வாதம் இங்கே சுற்றிக்கொண்டிருக்கிறது. குளிர்காலம் முழுக்க உறங்கும் அணிலையும் சாட்சிக்கு இழுக்கிறார்கள். அந்த அணிலின் குடலில் நடப்பது இதைவிடப் பல மடங்கு சுவாரசியமானது. அதை அரைகுறையாகப் படித்துவிட்டு இப்படி ஒரு முடிவுக்குத் தாவுவதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. என் நிலைப்பாட்டை இப்போதே சொல்லிவிடுகிறேன்: காட்டில் வாழும் கொறித்துண்ணியின் பாக்டீரியாப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றுமே சொல்ல முடியாது. அந்த நேரத்தில் அது எதை எரித்து உயிர் வாழ்ந்தது, உடல் வெப்பம் எவ்வளவு, குடலுக்குள் என்ன வந்துகொண்டிருந்தது என்ற மூன்றும் கூடவே தெரிய வேண்டும்.

பேச்சில் அடிபடுவது வட அமெரிக்கப் புல்வெளிகளில் வாழும் பதின்மூன்று வரி நில அணில். (நம் தோட்டத்து மூவரி அணில் இப்படி உறங்குவதில்லை; இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) கோடையில் விதை, புல், பூச்சி என்று தின்று கொழுக்கும். வளைக்குள் போய்விட்டால் ஏறக்குறைய ஆறு மாதம் ஒரு வாய் உணவு கிடையாது. உடல் வெப்பம் 37 டிகிரி செல்சியஸிலிருந்து வளையின் குளிரை ஒட்டி 5 டிகிரி வரைகூட இறங்கும். நிமிடத்துக்கு 300 தடவைக்கு மேல் துடித்த இதயம் பத்துக்கும் கீழே வந்துவிடும். ஆனால் இது ஒரே நீட்டில் நடக்கும் தூக்கம் இல்லை. ஒரு வாரம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உடல் மறுபடி 37 டிகிரிக்குச் சூடேறி, ஒரு நாளுக்கும் குறைவாக அப்படியே இருந்து, திரும்பக் குளிரும். சேர்த்துவைத்த கொழுப்பில் பெரும்பகுதி இந்தச் சூடேறல்களுக்கே செலவாகிறது.

இப்போது பாக்டீரியாவின் பக்கம் நின்று பாருங்கள். கோடையில் தினமும் நார்ச்சத்து வந்து இறங்கும். குளிர்காலத்தில் மேலிருந்து எதுவும் வராது. மிச்சம் இருப்பது குடல் சுவர் சுரக்கும் மியூசின் என்ற வழவழப்பான சளியும் உதிரும் செல்களும்தான். அதைத் தின்னத் தெரிந்தவை பிழைக்கும். செடி நாரை மட்டும் நம்பியவை சரியும். விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் ஹன்னா கேரியின் குழு 2013இல் காட்டியது இதைத்தான்: உறக்ககாலத்தில் ஃபர்மிக்யூட்டிஸ் என்ற பாக்டீரியாக் குழுவின் பங்கு குறைகிறது, பாக்டீராய்டிட்டிஸ் என்ற குழுவும், அக்கர்மான்சியாவை உள்ளடக்கிய வெருகோமைக்ரோபியா என்ற குழுவும் கூடுகின்றன. குளிர்காலம் பாக்டீரியாவை நேராகப் போய்த் தொடவில்லை. அணிலின் வளர்சிதை மாற்றம் வழியாகத்தான் தொட்டது.

இங்கே "கூடுகிறது" என்பது பங்கு, எண்ணிக்கை அல்ல. ஒரு கற்பனைக் கணக்கு: கோடையில் 1,000 பாக்டீரியாவில் 50 அக்கர்மான்சியா என்றால் 5 சதவீதம். குளிர்காலத்தில் மற்றவை செத்து மொத்தம் 200 ஆகி, அக்கர்மான்சியா அதே 50ஆகவே நின்றால் 25 சதவீதம். ஒன்றுகூடப் பெருகவில்லை, ஆனால் வரைபடத்தில் ஐந்து மடங்கு. எந்தப் பாக்டீரியா என்று அடையாளம் காட்டும் 16எஸ் என்ற மரபணுவை வரிசைப்படுத்திப் படிப்பது தருவது இந்தப் பங்கை மட்டுமே. உண்மையான எண்ணிக்கை வேண்டுமானால் ஒரு கிராமுக்கு எத்தனை 16எஸ் நகல் என்று கியூபிசிஆரில் (டிஎன்ஏ நகல்களை எண்ணும் முறை) தனியாக அளக்க வேண்டும், அல்லது மாதிரியில் இல்லாத ஒரு பாக்டீரியாவைத் தெரிந்த அளவில் முன்கூட்டியே கலந்து ஓட்ட வேண்டும். இந்த வேலையைச் செய்யாத ஆய்வை வைத்து "பெருகியது" என்று எழுதுவது தவறு.

யார் இருக்கிறார்கள் என்பதைவிட என்ன செய்கிறார்கள் என்பதுதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி. ஆறு மாதம் அசையாமல், புரதம் இல்லாமல் கிடந்தும் இந்த அணில் வசந்தத்தில் எழுந்து ஓடுகிறது. தசை கரைந்து போகாதது எப்படி? 2022இல் மாத்யூ ரீகன், கேரி முதலியோர் 'சயன்ஸ்' இதழில் இதற்கு ஒரு விடை தந்தார்கள். புரதம் சிதையும்போது கல்லீரல் யூரியாவை உண்டாக்குகிறது. அதை உடைக்கும் யூரியேஸ் நொதி பாலூட்டிகளிடம் இல்லை, சில பாக்டீரியாக்களிடம் இருக்கிறது. யூரியா இரத்தத்திலிருந்து குடலுக்குள் கசிந்ததும் அவை அதை அம்மோனியாவாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் உடைத்து, அந்த நைட்ரஜனைக் கொண்டு அமினோ அமிலம் போன்றவற்றைச் செய்கின்றன. அணில் அவற்றை உறிஞ்சித் தன் புரதத்தில் சேர்த்துக்கொள்கிறது.

இதை நிறுவிய விதம் அழகானது. கார்பன், நைட்ரஜனின் சற்றே கனமான வடிவங்களான கார்பன்-13, நைட்ரஜன்-15 ஆகிய இரண்டாலும் அடையாளமிட்ட யூரியாவை ஊசியில் ஏற்றினார்கள். மூச்சில் கார்பன்-13 வந்தால் யூரியா உடைந்தது உறுதி. திசுவின் புரதத்தில் நைட்ரஜன்-15 தென்பட்டால் அது திரும்பச் சேர்ந்தது உறுதி. ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாவைக் குறைத்த அணில்களை ஒப்பீட்டுக்கு வைத்தார்கள். மறுசுழற்சி உச்சத்தில் இருந்தது குளிர்காலத்தின் கடைசிக் கட்டத்தில், பட்டினி நீண்ட பிறகு. அப்போதுதான் குடல் திசுவில் யூரியாவைக் கடத்தும் புரதமும், பாக்டீரியாக்களிடம் யூரியேஸ் மரபணுவும் அதிகபட்சமாக இருந்தன. கதவைத் திறப்பது அணில், வேலை செய்வது பாக்டீரியா.

சூழல் மறுபக்கத்திலிருந்து அழுத்துவதைப் பார்க்க அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்துக்குப் போக வேண்டும். அங்குள்ள பாலைவன வுட்ராட் எலி, பிசின் மண்டிய நச்சுப் புதரான கிரியோசோட்டைத் தின்னும். வடக்கே கிரேட் பேசினில் வாழும் அதே இனம் ஜூனிபரைத் தின்னும், கிரியோசோட்டுக்குப் பழக்கமில்லை. யூட்டா பல்கலைக்கழகத்தில் கெவின் கோல், டெனிஸ் டியரிங் குழு (2014) பழகிய எலிகளின் குடல் பாக்டீரியாவை ஆன்டிபயாடிக்கால் குலைத்தபோது அவற்றால் கிரியோசோட்டைச் சமாளிக்க முடியவில்லை. பழகிய எலியின் பாக்டீரியாவைப் பழகாத எலிக்கு மாற்றியதும், அது முன்னைவிட அதிக நச்சைத் தின்றது. ஆக, எந்தச் செடியைத் தின்று வாழலாம் என்பதில் கல்லீரலோடு குடலுக்கும் பங்கு உண்டு.

மாதிரி எடுக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் சொதப்புகிறது. உறங்கும் அணிலிடம் புழுக்கை அனேகமாகக் கிடைக்காது. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்திலுள்ள சீக்கம் என்ற பையிலிருந்து எடுப்பார்கள். அதைக் கோடைக்காலப் புழுக்கையோடு ஒப்பிட்டால் பருவ வேறுபாடும் உறுப்பு வேறுபாடும் பிரிக்க முடியாமல் கலந்துவிடும். விழித்திருக்கும் எலிக்குப் பொறி வைத்தால், இரையாக வைத்த ஓட்ஸும் வேர்க்கடலை வெண்ணெயும் குடலுக்குள் போய்விடும் முன் கிடைக்கும் முதல் புழுக்கைதான் மதிப்புள்ளது. பொறியில் மணிக்கணக்கில் சிறுநீரில் ஊறிக் கிடந்ததை எடுக்கக் கூடாது. ஒவ்வொரு விலங்குக்கும் கழுவிய பொறி வேண்டும். எடுத்த உடன் மைனஸ் 80 டிகிரியில் உறைய வைக்க வேண்டும். காட்டில் அந்த வசதி இல்லையென்றால் 95 சதவீத எத்தனாலில் போடலாம். ஆனால் ஒரே ஆய்வில் பாதியை அப்படியும் பாதியை இப்படியும் வைக்கக் கூடாது. டிஎன்ஏ பிரிக்கும்போது சிறு மணிகளோடு சேர்த்துக் குலுக்கி உடைக்கும் படியைச் சுருக்கினால் தடித்த சுவருள்ள ஃபர்மிக்யூட்டிஸ் உடையாமல் தங்கிவிடும். தாளில் பாக்டீராய்டிட்டிஸ் "ஓங்கி" நிற்கும். உறக்ககால மாதிரியில் பாக்டீரியா குறைவு என்பதால் டிஎன்ஏ பிரிக்கும் கருவிப்பெட்டியிலிருந்தே வரும் மாசு பெரிதாகத் தெரியும். ஆகவே மாதிரியே போடாத வெற்றுக் குழாய் ஒன்றையும் கடைசிவரை சேர்த்து ஓட்ட வேண்டும்.

கூண்டில் வளர்ப்பவர்களுக்கு இன்னொன்று. கொறித்துண்ணிகள் புழுக்கையைத் தின்னும் பழக்கம் உள்ளவை. ஒரே கூண்டில் ஐந்து எலி இருந்தால் பாக்டீரியா அளவில் அவை ஐந்து தனித்தனி மாதிரிகள் அல்ல. புள்ளியியலில் கூண்டைத்தான் ஓர் அலகாக எண்ண வேண்டும்.

பொதுத் தரவுக் களஞ்சியங்களில் மரபணு வரிசைகளை ஏற்றும்போது இனம், இடம், தேதி மட்டும் போட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். எடை, மாதிரி எடுத்தபோதைய உடல் வெப்பம், உடல் குளிர்ந்த மந்தநிலையா சூடேறிய இடைவேளையா, கடைசியாகத் தின்று எத்தனை நாள், குடலின் எந்தப் பகுதி என்று இன்னும் ஐந்து கட்டங்களை நிரப்பினால் போதும். இவை இல்லாமல் ஏற்றப்பட்ட குளிர்கால மாதிரியை இன்னொருவர் மறுபடி பயன்படுத்தவே முடியாது. அந்த மாதிரிக்காக ஓர் அணில் செத்திருக்கிறது.