சூடேறாத வண்டியும் சூடேறிய நானும்

காலை 5.30. சேவல் கூவுவதற்கு முன் பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் கார் கூவிவிடும். நின்ற இடத்திலேயே 20 நிமிட உறுமல்! கேட்டால், "இன்ஜின் சூடாக வேண்டாமா தம்பி?" என்கிறார். அண்ணாச்சி, இது என்ன காஷ்மீரா? மார்கழி விடியலிலும் மின்விசிறி போட்டுத் தூங்கும் நாகர்கோவில்! இங்கே இன்ஜினுக்கு எங்கிருந்து குளிர்காய்ச்சல் வரும்?

எரிபொருளையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரும், குளிர்ந்த இன்ஜினைக் கிளப்ப உதவும் சோக்கும் இருந்த அம்பாசடர் காலத்துப் பாடம் அது. இப்போது எரிபொருளை அளந்து தெளிப்பது கணினி. அடியில் தங்கிய ஆயில் இன்ஜினின் மேல் பாகங்களுக்கு ஏற அரை நிமிடம் போதும். பிறகு மெதுவாக ஓட்டினாலே நின்று உறுமுவதைவிடச் சீக்கிரம் சூடாகிவிடும். கியர்பாக்ஸும் டயரும் ஓடாமல் எப்படிச் சூடாகும்? யார் கேட்கிறார்கள்! நடுநடுவே ஆக்சிலரேட்டரை மிதித்து ஒரு 'விர்ர்ரூம்' வேறு. புகைக்குழாய் நேராக எங்கள் அடுக்களை ஜன்னலைப் பார்க்கிறது. ஆப்பத்தில் டீசல் மணம், கொடியில் காயும் வேட்டியில் டீசல் மணம், கட்டன் சாயாவிலும் அதே.

இத்தனை ஆராதனைக்குப் பிறகு தேர் எங்கே புறப்படுகிறது தெரியுமா? முக்குச் சாயாக்கடைக்கு. 400 மீட்டர். அங்கே போய் அணைத்துவிடுவார். திரும்பும்போது? மறுபடியும் முதலிலிருந்து. கடைக்காரர் இரண்டு பானை பால் காய்ச்சி இறக்கிவிட்டார். அண்ணாச்சியின் இன்ஜின்தான் இன்னும் பதத்துக்கு வரவில்லையாம்.