கணினியில் துடிக்கும் இதயம்

இதயத்தின் மாதிரியைக் கணினியில் உருவாக்கி ஓட்டுவதைப் புதுசு என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை, ஆனால் 1960லேயே டெனிஸ் நோபிள் என்ற பிரிட்டிஷ் உடலியல் விஞ்ஞானி ஒரு இதயச் செல்லின் மின்துடிப்பைச் சமன்பாடுகளாக எழுதிக் கணினியில் ஓட்டிவிட்டார். அப்புறம் செல், தசை, முழு இதயம், ரத்த ஓட்டம் என்று கோர்த்துக்கொண்டே வந்தார்கள். கஷ்டமே அந்தக் கோர்ப்பில்தான், செல்லில் அயனி நகர்வது மில்லி செகண்டில், இதயச் சுவர் தடிப்பது வருஷக்கணக்கில். சேலத்தில் என் மாமாவுக்கு சி.டி. ஸ்கேனில் இதய ரத்தக்குழாயில் அடைப்பு தெரிந்தும், மணிக்கட்டு வழியாக மெல்லிய கம்பியை விட்டு, அடைப்புக்கு முன்னும் பின்னும் அழுத்தம் அளந்த பிறகுதான், பின்னால் உள்ள அழுத்தத்துக்கும் முன்னால் உள்ளதற்கும் விகிதம் 0.80க்கு மேல் இருக்கிறது, ஸ்டென்ட் வேண்டாம் என்றார்கள். அந்த எண்ணைக் கம்பி விடாமல், சி.டி. படத்திலிருந்தே இப்படி ஒரு கணினி மாதிரியால் கணக்கிடும் முறைக்கு அமெரிக்காவில் 2014லேயே அனுமதி கிடைத்துவிட்டது. ஏற்காட்டு மலைக் கிராமங்களிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கும் இது அரசு மருத்துவமனையிலேயே கிடைக்க வேண்டும், காப்பீட்டிலும் சேர்க்க வேண்டும்.