ஈரக் கட்டையில் ரெசின் ஊற்றுவது பழுதுபார்ப்பு ஆகாது

ஐயா, படகின் அடியில் நீளவாக்கில் ஓடி அதைத் தாங்கும் ஸ்டிரிங்கர் கட்டை உக்கிப்போனால், அதில் துளையிட்டுப் பாலியெஸ்டர் ரெசினை (ஊற்றியபின் இறுகும் பிசினை) ஊற்றி, மேலே புதுப் பிளைவுட் அடித்தால் பழைய பைபர் படகு பல ஆண்டுகள் தாங்கும் என்று நீங்கள் எழுதியிருப்பதில், செலவு குறைவு என்பது மட்டுமே சரி. நீர் ஊறிய மரத்துக்குள் ரெசின் பரவாது. துளையைச் சுற்றி மட்டும் கெட்டியாகும், பூஞ்சை உள்ளே தன் வேலையைத் தொடரும். இங்கே மலேசியாவின் பாகான் டத்தோவில் மழையில் கிடக்கும் படகுகளின் தளத்தைப் பெயர்த்தால், கட்டையை விரலால் அழுத்தினாலே கறுத்த நீர் கசியும்.

படகின் வடிவம் குலையாதபடி முதலில் வெளியே முட்டுக்கொடுத்து, உக்கியதை முழுவதும் வெட்டியெடுத்து, பழைய பைபரைத் தேய்த்து, எல்லாம் நன்றாக உலர்ந்த பிறகே புதுக் கட்டையை எப்பாக்சிப் பிசினில் இருத்திக் கண்ணாடியிழைத் துணியால் போர்த்த வேண்டும். தளப் பலகையின் விளிம்புகளையும் திருகாணித் துளைகளையும் எப்பாக்சியால் அடைக்காவிட்டால் நீர் மறுபடி அவற்றின் வழியேதான் இறங்கும்.