எல்.எல்.ஆர். வேண்டாம் என்கிறாள் என் மகள்

என் மகளுக்கு 18 வயது நிறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) போட்டுக் கார் ஓட்டக் கற்றுக்கொள் என்று பலமுறை சொல்லிவிட்டேன். "எதுக்குப்பா? அதான் மெட்ரோ இருக்கே" என்பதே அவளுடைய பதில். திருவொற்றியூரிலும் தண்டையார்பேட்டையிலும் உள்ள என் நண்பர்களின் பிள்ளைகளும் இப்படித்தான் சொல்கிறார்கள். இதைச் சோம்பல் என்று பெரியவர்கள் பேசும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் இந்தப் பிள்ளைகள் தெளிவாகக் கணக்குப் போட்டுத்தான் வேண்டாம் என்கிறார்கள்.

வடசென்னையில் இருக்கும் எங்கள் பகுதிக்குச் சோறு போட்டது வண்டி. 1949இல் எண்ணூரில் ஆஸ்டின் கார்களின் பாகங்களைப் பூட்டி உருவாக்கத் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ்தான் பிறகு அசோக் லேலண்ட் ஆனது. திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள் உருவாயின. துறைமுகத்தை நம்பி டிரெய்லர் ஓட்டியவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. என் அப்பாவும் அவர்களில் ஒருவர். ஹெவி லைசென்ஸ் கைக்கு வந்த அன்று அதைச் சாமி படத்தின் முன்வைத்துக் கும்பிட்டார் என்று அம்மா சொல்வார். அந்த வீட்டில் வளர்ந்த எனக்குக் கார் வாங்குவதே வாழ்க்கையில் முன்னேறியதன் அடையாளமாகத் தெரிந்தது.

எட்டு ஆண்டுகளுக்கு முன் பழைய கார் ஒன்றை வாங்கவும் செய்தேன். நாங்கள் இருப்பது காலடிப்பேட்டை. 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய காலெட்பேட்டையே இப்படி மருவியது. இங்குள்ள குறுகலான தெருக்களில் கார் நிறுத்த எங்கே இடம் இருக்கிறது? அரை கிலோமீட்டர் தள்ளி, மாத வாடகை கொடுத்து நிறுத்தினேன். மாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் எண்ணூர் விரைவுச் சாலையில், இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவே வியர்த்து உட்கார்ந்திருந்த என்னைப் பின்சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டே வளர்ந்தவள் என் மகள்.

அவசரத்துக்குக் கார் வேண்டாமா என்று கேட்பார்கள். அம்மாவுக்கு நள்ளிரவில் மூச்சுத்திணறல் வந்தபோது எங்களிடம் கார் இருந்தது. நான் சாவியை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் அதைக் கொண்டுவருவதற்குள், பக்கத்து வீட்டு ஆட்டோக்காரத் தம்பி அம்மாவை மருத்துவமனையில் சேர்த்துவிட்டார். அடுத்த ஆண்டே காரை விற்றுவிட்டேன்.

2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டது. இப்போது காலடிப்பேட்டையில் ஏறினால் மாறாமல் தேனாம்பேட்டையில் இறங்கலாம். வழியில் என் மகள் தேர்வுக்குப் படிக்கிறாள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நான் தொலைத்த மணி நேரங்களை அவள் தொலைக்கவில்லை.

அமெரிக்காவில் 1983இல் 16 வயதினரில் ஏறக்குறைய 46 விழுக்காட்டினரிடம் ஓட்டுநர் உரிமம் இருந்தது. 2014இல் அது 24 விழுக்காட்டை ஒட்டிக் குறைந்துவிட்டது. ஜப்பானில் இளைஞர்கள் காரைவிட்டு விலகுவதற்கென்றே 'குருமா பனாரே' என்று ஒரு சொல் வழங்குகிறது. ஆனால் அங்கே இருந்ததை விடுகிறார்கள். இங்கே பெரும்பாலான வீடுகளில் கார் இருந்ததே இல்லை. பைக் மீதான ஆசையும் எங்கள் தெருப் பையன்களுக்கு இன்னும் குறையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

வண்டி ஓட்டத் தெரிந்திருப்பது ஒரு பெண்ணுக்குத் துணிவு தரும் என்று இன்றும் நம்புகிறேன். ஆனாலும் முடிவு அவளுடையது. காரே வேண்டாம் என்று பொதுப் போக்குவரத்தை நம்பி வரும் இந்தத் தலைமுறைக்கு நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்பதே இப்போது என் கவலை. நிலையத்திலிருந்து எங்கள் வீடு பத்து நிமிட நடை. நடைபாதை பாதி வழியிலேயே முடிந்துவிடுகிறது; மூன்று தெருவிளக்குகள் எரிவதில்லை; இரவு 10 மணிக்கு அவள் கனரக வண்டிகளை ஒட்டி நடந்து வருகிறாள். இதை எழுதி, தெருக்காரர்கள் சார்பில் மாமன்ற உறுப்பினரிடம் கொடுக்க ஒரு மனு தயாரித்திருக்கிறேன். காலடிப்பேட்டை, தேரடிப் பக்கம் இருப்பவர்கள் ஞாயிறு காலை வீட்டுக்கு வந்து கையெழுத்திட்டால் உதவியாக இருக்கும்.